குறியிட்ட மீனும் கணக்கில் வராத குழந்தையும்

களத்து நெல்லை மரக்காலிட்டு அளந்துவிடலாம். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளைத் தொழுவத்து வாயிலில் நின்று எண்ணிவிடலாம். ஆனால் ஏரியில் எத்தனை மீன்கள் இருக்கின்றன என்று ஒருவர் கேட்டால் என்ன விடை கூறுவது? நீரை வடித்துவிட்டு எண்ணினால் கணக்குக் கிடைக்கும், மீன் மிஞ்சாது. முழுவதையும் காணாமலே முழுவதையும் மதிப்பிடும் வழியொன்றை அறிவுலகம் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. அவ்வரலாற்றின் முக்கியமானதோர் அத்தியாயம் நமது நாட்டிலேயே எழுதப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

தொடக்கத்தைப் பிரான்சு நாட்டில் காண்கிறோம். கணித மேதையான லாப்லாஸ் அந்நாட்டு மக்கள்தொகையை மதிப்பிட முற்பட்டார். அவர் வேண்டுகோளின்பேரில், 30 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் 1802 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் தேதியை ஒட்டி மக்கள் எண்ணப்பட்டனர். தொகை 20,37,615. அதே ஊர்களின் மூன்றாண்டுப் பிறப்புப் பதிவுகளோடு இதனை ஒப்பிட்டபொழுது, ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு ஏறக்குறைய 28.35 மக்கள் என்ற விகிதம் கிடைத்தது. நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பிறப்புகள் என்று கொண்டு, மக்கள்தொகை சுமார் 2 கோடியே 83 லட்சம் என்றார் அவர். இம்மதிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் அவர் உடன் கணக்கிட்டது பாராட்டத்தக்கது.

அடுத்து நாம் டென்மார்க்கின் லிம்ஃபியோர்டு என்னும் நீர்ப்பரப்புக்குச் செல்லவேண்டும். அங்கே பீட்டர்சன் என்ற மீன்வள ஆராய்ச்சியாளர், பிளேஸ் என்னும் தட்டை மீன்களுக்கு அடையாளமிட்டு நீரில் விடுத்து, பின்னர் பிடிபடுபவற்றுள் அடையாளமுள்ளவை எத்தனை என்று ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு 1896 இல் வெளிவந்தது. 1930 இல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர், கால்வளையம் பூட்டிய வாத்துகளைக் கொண்டு நீர்ப்பறவைகளின் தொகையை மதிப்பிடலாம் என்று காட்டினார். இம்முறையைத் தமிழில் ‘குறியிட்டு மீளப் பிடித்தல்’ எனலாம்.

கணக்கு எளியது. ஓர் ஏரியில் 100 மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறோம். சில நாள் கழித்து 80 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றுள் 20 குறியுள்ளவை. பிடிபட்டதில் கால் பங்கு குறியுள்ளதாயின், ஏரி முழுவதிலும் கால் பங்கே குறியுள்ளதாக இருத்தல் வேண்டும். குறியிட்டவை 100, ஆகவே மொத்தம் 400.

ஒரே ஒரு மறுபிடிப்பை நம்பி முடிவு கூறுவது ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்புக் கூறுவது போன்றது. இக்குறையைத் தீர்க்க 1938 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்னாபெல் அம்மையார் வழி வகுத்தார். இரண்டாம் நாள் பிடிபட்டவற்றில் குறியில்லாத 60 மீன்களுக்கும் குறியிட்டு விடுவோம். இப்பொழுது ஏரியில் 160 குறியுள்ள மீன்கள். மூன்றாம் நாள் 100 மீன்கள் பிடிக்க, 44 குறியுள்ளவையாக வருகின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு நாளும் பிடித்த தொகையை அன்று ஏரியிலிருந்த குறியுள்ள தொகையால் பெருக்கிக் கூட்டினால் 24,000. மீண்டு வந்த குறியுள்ள மீன்கள் மொத்தம் 64. வகுத்தால் 375. நாள் ஏற ஏற மதிப்பு உறுதிப்படுகிறது. எத்தனை முறை வலை வீசுவது என்பதை முன்கூட்டியே வரையறுக்காமல், போதிய குறியுள்ளவை மீளக் கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளும் தொடர்முறைகளைச் சாப்மன் 1952 இலும் குட்மன் 1953 இலும் ஆராய்ந்து எழுதினர்.

இம்முறைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. இடையில் மீன்கள் புதிதாக வந்து சேரவோ வெளியேறவோ கூடாது. குறி அழிந்துவிடலாகாது. ஒருமுறை அகப்பட்ட மீன் வலைக்கு அஞ்சி ஒதுங்கினால், மீண்டு வருபவை குறைந்து, மதிப்பு உண்மையைவிட உயர்ந்துவிடும்.

மனிதருக்கு வளையம் பூட்டுவதில்லை. ஆனால் ஒரு பட்டியலில் பெயர் ஏறுவதும் ஒருவகைக் குறியே அன்றோ? இதனை 1949 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் நிலைநாட்டியவர்கள், நமது நாட்டு அறிஞர் சந்திரசேகரனும் அமெரிக்க அறிஞர் டெமிங்கும் ஆவர். ஆய்வு நடந்த இடம் கல்கத்தாவை அடுத்த சிங்கூர். அகில இந்திய சுகாதார, பொதுநல நிலையத்தார் வீடுவீடாகச் சென்று 1945, 1946 ஆம் ஆண்டுகளின் பிறப்பு இறப்புகளை விசாரித்து, பதிவாளர் பட்டியலோடு ஒப்பிட்டனர்.

பதிவேட்டில் 60 பிறப்புகள், விசாரணையில் 70, இரண்டிலும் காண்பவை 50 என்று வைத்துக்கொள்வோம். ஏதேனும் ஒன்றில் இடம்பெற்றவை 80. ஆனால் 60 ஐ 70 ஆல் பெருக்கி 50 ஆல் வகுத்தால் 84. ஆகவே நான்கு குழந்தைகள் எந்த ஏட்டிலும் இல்லை. பிறந்த சில நாளில் இறந்த சிசுவும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்றவளின் மகவும் இவ்வாறு விடுபடக்கூடியவர்களே. ஒருவரைத் தவறவிட்ட காரணமே மற்றவரையும் தவறச் செய்யுமாயின், இக்கணக்கும் குறைவாகவே காட்டும். அதனால் மக்களைச் சிறு சிறு ஒத்த பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும் என்று அவர்கள் அறிவுறுத்தினர்.

இரு ஏடுகளை ஒப்பிடும் இக்கருத்து வீண்போகவில்லை. 1964-65 இல் முன்னோடியாகத் தொடங்கி 1969-70 முதல் நாடெங்கும் பரவிய மாதிரிப் பதிவுத் திட்டத்தில், உள்ளூர்க் கணக்காளர் தொடர்ந்து எழுதிவரும் பதிவும், மேற்பார்வையாளர் ஆறு மாதத்துக்கொருமுறை தனியே எடுக்கும் கணக்கும் ஒப்பிடப்படுகின்றன. பொருந்தாதவை மீண்டும் நேரில் விசாரிக்கப்படுகின்றன. காட்டில் வைத்த காமிராக்களும் இம்முறைக்கே துணை செய்கின்றன. புலியின் வரிகளே அதற்கு இயற்கை இட்ட குறி.

தாய்நாட்டின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குப் பிழைப்புத் தேடி வந்த நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஊரிலுள்ளோர் ‘அவர் வெளியூர் போய்விட்டார்’ என்பர். இங்குள்ளோர் ‘அவர் இவ்வூர்க்காரர் அல்லர்’ என்பர். இரு ஏட்டிலும் இடமின்றிப் போவது எளிது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் நடந்த சரிபார்ப்பில், ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரியவந்தது. கிராமங்களைக் காட்டிலும் நகரங்களில் விடுபட்டோர் மிகுதி. பள்ளியும் மருத்துவமனையும் பங்கீட்டு அரிசியும் தலையெண்ணிக்கையைப் பார்த்தே ஒதுக்கப்படுகின்றன. விடுபட்டோர் எத்தனை பேர் என்பதைக் கணிதம் கூறிவிடும். அவர்கள் யார் என்பதை அது கூறாது. அதனை ஏட்டில் ஏற்றுவது, கதவைத் தட்டும் கணக்காளருக்கு நாம் கூறும் விடையில்தான் இருக்கிறது.