அங்கிள் என்ன முறை வேணும்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு வெளியேறி, சிரம்பானிலும் நீலாயிலும் பகாவிலும் தாமான் வீடுகளில் வாழும் நம் முதியவர்களுக்கு இன்று பெரும்பாலும் ஒரே பெயர்தான். ஆண் என்றால் அங்கிள், பெண் என்றால் ஆண்ட்டி. கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் மலாய்ப் பெண், மார்க்கெட்டில் மீன் வெட்டும் சீனர், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையன் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதியவர் மலாய்க்காரராக இருந்தால் பாக்சிக், மாக்சிக். தமிழரும் சீனரும் அங்கிள், ஆண்ட்டி. யாரும் சட்டம் போடவில்லை. நாடு முழுக்க நடக்கிறது.

இந்தச் சொல் மரியாதையா, மரியாதை மாதிரி தெரியும் வேறு ஏதாவதா? பதிலைத் தோட்டத்திலிருந்து தேட வேண்டும்.

லயத்தில் யாரையும் சும்மா கூப்பிட முடியாது. முறை வேண்டும். "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் கிடைத்ததும் கேட்டவர் பெரியப்பாவோ மாமாவோ தாத்தாவோ ஆகிவிடுவார். இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தனக்குத் தெரிந்த குடும்பங்களிலிருந்துதான் ஆள் கட்டி வந்தார். கப்பலில் ஏறும்போதே உறவும் ஏறியது, சாதியும் ஏறியது. பல தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன.

அதனால் எல்லா உறவுச்சொல்லும் ஒரே மாதிரி தாராளமாகப் புழங்கவில்லை. அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் பொது. மாமாவும் அத்தையும் அப்படியல்ல. மாமா என்று ஒருவரைக் கூப்பிட்டால் அவர் மகளைக் கட்டும் முறை தனக்கு உண்டு என்று பொருள். சாதி தாண்டி அண்ணே என்று கூப்பிட்டவர்கூட மாமா என்று கூப்பிடத் தயங்கிய இடம் அது. ஒரு சமூகம் யாரோடு கலக்கும், யாரோடு கலக்காது என்பதை அறிய அதன் மாமாக்களை எண்ணினால் போதும்.

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவித்தொகையில் அனுப்புவதைத் தடை செய்தது. ஊரிலிருந்து புது உறவு வரும் வழி சுருங்கிவிட்டது. அடுத்து ஜப்பான்காரன் காலம். 1942, 43-இல் சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. அப்பனை இழந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டார் வளர்த்த கதை பழைய தோட்டங்களில் எங்கு கேட்டாலும் கிடைக்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா என்பது ரத்தத்தால் வந்த சொல் அல்ல. சோறு போட்டதால் வந்த சொல். முறை என்பது பிறப்பால் மட்டுமே வருவது என்ற நினைப்பைத் தோட்டம் உடைத்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

லயத்துக்கு வெளியே ஆபீசின் கணக்கு வேறு. செக்ரோலில் இருந்தது பெயர் மட்டும்தான். பெரட்டில் அறுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயதானவர்களைச் சிறுவர்களாக்கும் கலை வெள்ளைக்காரனுக்கு நன்றாகக் கைவந்திருந்தது. பங்களாவில் சமைப்பவருக்குப் பேரப்பிள்ளை இருந்தாலும் அவர் 'பாய்'. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தப் 'பாய்'க்குத் தனிப் பதிவே உண்டு. வேலைக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு, பல்லக்குத் தூக்கிகளைக் குறித்த தென்னிந்திய 'போயி'யும் கலந்துபோனதை அது சொல்கிறது. மலாயா ஆபீசுகளில் கடிதம் சுமந்த ஆளுக்குப் பெயர் 'தம்பி'. நம் சொல்தான். ஆனால் அதில் தம்பியைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. நரைத்த தலையோடு ஓய்வு பெறும் நாள்வரை அவர் தம்பிதான்.

பெண்களுக்கு 'ஆயா'. பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். வெளிக்காட்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காத மூத்த பெண்கள் அங்கே பிள்ளை பார்த்தார்கள். ஆபீசுக்கு ஆயா என்பது ஒரு வேலையின் பெயர், போர்த்துகீசிய 'ஐயா'விலிருந்து இந்திய ஆங்கிலத்துக்கு வந்த சொல். வடதமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கோ ஆயா என்றால் பாட்டி. மலாயில் 'ஆயா' என்றால் அப்பா. அந்தக் கொட்டகையில் துரைக்கு வேலைக்காரி, குழந்தைக்குப் பாட்டி. ஒரே பெண்மணி, ஒரே சொல்.

மரியாதைக்கான சண்டை கூலிக்கான சண்டையோடு சேர்ந்தே நடந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். சாதிப் பட்டங்களைக் கைவிடும் பேச்சு தோட்டங்களையும் எட்டியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள்: துரைகளுக்கும் ஆசியச் சிப்பந்திகளுக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. நரைத்த மனிதர் ஒருவர் இருபத்தைந்து வயதுக் கிராணியைக் கண்டதும் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். கோரிக்கையின் கனம் விளங்கும். போருக்குப் பிறகு நெகிரி செம்பிலானிலும் தோட்டத் தொழிற்சங்கம் வலுத்தது. அங்கே தொழிற்சங்க வேலையைத் தொடங்கிய பி. பி. நாராயணன்தான் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முகமானார்.

அங்கிள் எப்போது வந்தது? தேதி சொல்ல முடியாது, வழி சொல்லலாம். அது ஆபீசு வழியாக லயத்துக்கு இறங்கியது என்பது என் எண்ணம். கிராணிமார்களில் பலர் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும். ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இருந்த வீடுகள் அவை. அப்புறம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்குப் போனது, சனம் தாமான்களுக்குச் சிதறியது. சுவா பெத்தோங்கில் பிறந்தவருக்கும் ஜெராம் பாடாங்கில் பிறந்தவருக்கும் ஒரே சுவர். யாருக்கும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. முறை தெரியாத இடத்தில் அங்கிள் கைகொடுத்தது.

அந்தச் சொல்லின் பூர்வீகம் ஒரு வேடிக்கை. அங்கிளுக்கு மூலம் லத்தீனின் 'அவுங்குலுஸ்', அம்மாவின் சகோதரர். நேராகவே தாய்மாமன். ஆண்ட்டின் மூலம் 'அமித்தா', அப்பாவின் சகோதரி. அதாவது அத்தை. சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும் லத்தீனில் வேறு சொற்கள் இருந்தன. பழைய ஆங்கிலத்திலும் மாமனும் சித்தப்பனும் வேறுவேறுதான். பிறகுதான் எல்லாம் ஒன்றாயின. ஆக, ரோமானியர்களும் ஒருகாலத்தில் நம்மைப் போலவே முறை பார்த்தார்கள். தோட்டத்தில் சாதி தாண்டிச் சொல்லத் தயங்கிய அதே மாமாவும் அத்தையும்தான் ஆங்கில வேஷத்தில் வந்து எல்லார் வாயிலும் நுழைந்திருக்கிறார்கள். அங்கிள் என்று கூப்பிடும்போது யாரும் சாதி கேட்பதில்லை. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இழப்பும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நெகிரி செம்பிலானைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவை அடாட் பெர்பாத்தே கம்பங்கள். மினாங்கபாவ் வழிவந்த தாய்வழி முறை. மினாங்கபாவ் மொழியில் தாய்மாமனுக்குப் பெயர் 'மாமாக்'. பூர்வீக நிலம் பெண்வழியில் இறங்கும். 1909-இல் பிரிட்டிஷ் அரசே அந்த நிலத்தைக் காக்கத் தனிச் சட்டம் போட்டது. அங்கே உறவுச்சொல் என்பது நிலத்தில் பாத்தியதை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த மாமாவுக்கு மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஓரடிகூட இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஐம்பத்தைந்து வயதில் வேலை போனால் வீடும் போகும். பிள்ளை யாராவது தோட்டத்தில் பேர் போட்டிருந்தால் அந்தப் பேரில் ஒண்டிக்கொள்ளலாம்.

தமிழில் கிழவன் என்ற சொல்லை இன்று திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். பழந்தமிழில் கிழவன் என்றால் உரியவன், தலைவன். கிழமை என்றால் உரிமை. குறிஞ்சிக்கு உரியவன் என்பதால்தான் முருகன் குறிஞ்சிக் கிழவன். கித்தாக்காட்டில் நம் ஆட்கள் முதல் பொருளில் மட்டும் கிழவர்கள் ஆனார்கள், இரண்டாம் பொருளில் ஆகவே இல்லை. இப்போது அரசாங்கம் 'வார்கா எமாஸ்' என்கிறது, தங்கக் குடிமக்கள். சொல்லில் தங்கம் இருக்கிறது.

அங்கிளை விட்டுவிட்டு மாமாவுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. அந்த மாமாவுக்குள் இருந்த சாதியும் கூடவே திரும்பும். ஆனால் அங்கிள் ஒரு கேள்வியும் கேட்காத சொல். முகத்தைப் பார்த்து வயதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். முறையோ கேள்வியில் தொடங்கியது. அந்தக் கேள்வியைச் சாதியைக் கழித்துவிட்டு நாம் கேட்கலாம்: "அங்கிள், நீங்க எந்த எஸ்டேட்?" பெரும்பாலான நேரங்களில் அவர் சொல்லும் பெயரில் இன்று தோட்டம் எதுவும் இருக்காது. வீடுகளும் கடைகளும் நிற்கும். ஆனால் அவர் உட்காரச் சொல்லி, கிராணி யார், எத்தனை லயம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று ஆரம்பிப்பார். நடுவில் எங்காவது நிறுத்தி, "சரி, நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்துவைத்துக்கொள்வது நம் வேலை.