களத்தில் நின்ற தாய்க்குப் பெயரில்லை

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியிலே, 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையைக் காண்கிறோம். உள்ளே சுவரெங்கும் ஓவியங்கள்! எழுத்தறியா உழவரும், இடுப்பிலே குழந்தையைச் சுமந்துவரும் தாய்மாரும் அவற்றைக் கண்டே கட்டபொம்மன் வரலாற்றைக் கற்கின்றனர். படத்தால் வரலாறு உரைப்பது நமக்குப் புதிதன்று. ஆனால், யாருடைய வரலாறு? வரைந்தவர் யார்?

இக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பியது, ஈரானிலே 1969இல் பிறந்த மர்ஜானே சத்ரபி எனும் சித்திரக்காரியின் ஏடு. தம் வாழ்வைத் தாமே எழுதி, தாமே வரைந்து, 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியிலே நான்கு பகுதிகளாக அவர் வெளியிட்டார். ‘பெர்சிபோலிஸ்’ என்பது அதன் பெயர். அலெக்சாந்தர் காலத்திலே எரிந்தழிந்த பாரசீகத் தலைநகரின் பெயர்! தமிழிலும் வந்துள்ள நூல் அது.

1980. பள்ளியிலே பெண்கள் முக்காடிட வேண்டுமென்று ஆணை. பத்து வயதுச் சிறுமியரோ அத்துணியைக் கயிறாக்கித் தாண்டிக் குதிக்கின்றனர்! சிறையிலே ரொட்டியைப் பிசைந்து அன்னப்பறவை செய்து தந்த சிறிய தந்தையை ஆட்சி கொன்றொழிக்கிறது. போர் மூள்கிறது. பதினான்கு வயதிலே பெற்றோரைப் பிரிந்து வியன்னா செல்கிறாள் பெண். இத்தனையும் கறுப்பு வெள்ளைக் கோடுகளிலே! தான் தப்புவதற்காகக் குற்றமற்ற ஒருவன்மீது பழி சுமத்தியதையும், அதற்காகப் பாட்டி சினந்ததையும் மறைக்காமல் வரைகிறார். அந்நேர்மையே நூலின் பெருமை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1799 அக்டோபரில் கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான், கோட்டை இடிபட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிய ஊமைத்துரை, சில நாட்களிலேயே மண்கோட்டையை மீண்டும் எழுப்பினான். சைகையே அவன் மொழி. அச்சைகைக்கு ஆயிரமாயிரம் வீரர் கட்டுண்டனர். மே மாதம் கோட்டை வீழ்ந்தது.

இவற்றை நமக்கு உரைப்பவர் யார்? முற்றுகையிட்ட படையிலே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எனும் ஆங்கிலேயர்! 1830இல் வெளியான அவருடைய நினைவு நூலிலே தொண்ணூறுக்கும் மேற்பட்ட காட்சிப்படங்கள் உண்டு. வென்றவனுக்கு எழுதுகோலும் இருந்தது, தூரிகையும் இருந்தது.

அந்நூலிலே ஒரு செய்தி. பிணக்குவியலிடையே தன் மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். படுகாயமுற்றுக் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் தலைவனைக் காக்குமாறு வேண்டினான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். பகைவர் தேடி வந்தபோது, அவன்மேல் துணியைப் போர்த்தி, அம்மையிலே மாண்டான் என்று ஓலமிட்டனர் பெண்டிர். வந்தவர் அஞ்சி விலகினர்.

அந்தத் தாயின் பெயர் என்ன? வெல்ஷ் எழுதவில்லை. பெற்ற மகனை விட்டு மற்றொருவனைத் தூக்கியபோது அவள் நெஞ்சு என்ன பாடுபட்டது? கட்டளைக்குப் பணிந்தாளா, தானே துணிந்தாளா? அவளன்றோ சொல்ல வேண்டும்! அவளுக்கு எழுத்தைக் கற்பித்தவர் யார்? அறிவும் துணிவும் இருந்தன, ஏடுதான் மறுக்கப்பட்டது. அதனால் வீரனின் கதையிலே ஒரு நிகழ்ச்சியாக அவள் சுருங்கினாள்.

தென்பாண்டிச் சீமையிலே நிலைமை மாறாமல் இல்லை. விருதுநகர் மாவட்டத்துப் பாமா, 1992இல் ‘கருக்கு’ நூலிலே தம் வாழ்வைத் தம் ஊர்மொழியிலேயே உரைத்தார். ஆயினும் கோவில்பட்டி வட்டாரத்திலே எத்தனையெத்தனை பெண்கள், தீப்பெட்டிக்குப் படம் ஒட்டியே இளமையைக் கழித்தனர்! ஒட்டிய படம் எவரோ வரைந்தது.

அக்கைகள் தம் படத்தைத் தாமே வரையட்டும். நினைவுக்கோட்டைச் சுவரிலே வீரர்க்கு இடம் தந்தோம். தாய் தன் கதையைத் தானே சொல்லும் ஏட்டுக்கும் இடம் தருவோம்!