துப்பாக்கிக்கு யார் உத்தரவு? – 6: மக்கீஸ் தோட்டத்துப் பந்தல்

போன வாரம் விட்ட இடம் 1801 டிசம்பர் 1. திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவின் அறிக்கை தெற்குச் சீமையெங்கும் போகிறது. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. வாளும் வேலும் துப்பாக்கியும் பாளையக்காரர்களிடமிருந்து பறிபோயின.

பறிபோனது பாளையங்களில்தானே, நமக்கென்ன என்று மற்றச் சீமைக்காரர்கள் இருந்திருந்தால், அந்த நிம்மதிக்கு ஆயுள் 77 ஆண்டு.

1857 கிளர்ச்சி ஓய்ந்த கையோடு 1860-ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. அது முன்னோட்டம். முழு அடி விழுந்தது 1878-ல், வைஸ்ராய் லிட்டன் காலத்தில். அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை ஆரம்பாக்கத்தில் நின்று பார்த்தால் நன்றாகப் புரியும்.

நம் ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகை ஏற்றிய படகுகள் அந்த நீர்வழியாகத்தான் சென்னைக்குப் போகும். தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராக மக்கள் கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்தார்கள். கூலிக்கு வந்த பஞ்சத்து ஜனங்களை வைத்துச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். வடக்கே இருந்த கால்வாயும் தெற்கே இருந்ததும் ஒன்றாயின. 1878-ல் அதற்குக் கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில், இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் 11-ம் எண் ஆயுதச் சட்டமும் வந்தது. வயிறு காய்ந்து கிடந்த நேரத்தில் பேச்சையும் ஆயுதத்தையும் சேர்த்தே பூட்டினார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டம் சொன்னது சுருக்கமாக இதுதான்: உரிமம் இல்லாமல் ஆயுதத்தோடு நடமாடக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. மறைத்துக் கொண்டுபோனால் ஏழு ஆண்டு வரை போகலாம். யாருக்கு விலக்கு என்பதை அரசு தன் விருப்பப்படி அறிவித்துக்கொள்ளலாம். அந்த விலக்குப் பட்டியலில்தான் விஷம் இருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. இந்தியரில் குடகர்களைப் போல விசுவாசமானவர்கள் என்று அரசு எண்ணிய சிலருக்கும் உண்டு. மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அப்போது இந்தப் பகுதி செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா. கலெக்டர் கச்சேரி சைதாப்பேட்டையில். ஆரம்பாக்கத்துக் குடியானவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கொல்லையில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்குகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் கதிர் இருந்த இடமெல்லாம் உழுத நிலம்போல் புரண்டு கிடக்கிறது. ஒரு பழைய மருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க வேண்டுமானால் மனு எழுதித்தர ஆள் பிடிக்க வேண்டும், பொன்னேரிக்கு நடக்க வேண்டும், பிறகு பட்டணத்தையும் தாண்டிச் சைதாப்பேட்டைக்குப் போக வேண்டும். கிடைக்காது என்று சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்க வழியில்லை. காரணம் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை. அதே வடக்குச் சாலையில் ஏரிக்கு வாத்து சுட வரும் துரைக்கு எந்தச் சீட்டும் வேண்டாம்.

இதை எதிர்த்து யார் வாய் திறப்பது?

பட்டணத்தில் ஆறு இளைஞர்கள் இருந்தார்கள். 1878 செப்டம்பரில், கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவில் 80 பிரதி அச்சடித்து ‘தி இந்து’ பத்திரிகையைத் தொடங்கியவர்கள். அவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயர் பெயரை எல்லோரும் அறிவார்கள். எம். வீரராகவாச்சாரியார் பெயரை நாம் மறந்துவிட்டோம். இந்த அத்தியாயத்தின் நாயகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு அவர்தான்.

1887-ல் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னைக்கு வந்தது. முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் 72 பேர். அதைப் படித்தவர்களின் கூட்டம் என்று அரசு ஒதுக்கியது. இந்த முறை ஊர்களைச் சேர்க்காமல் விடக் கூடாது என்று சென்னை மகாஜன சபைக்காரர்கள் முடிவு செய்தார்கள். வீரராகவாச்சாரியார் தமிழில் ஒரு சிறு நூல் எழுதினார். காங்கிரஸ் என்றால் என்ன, அது எதைக் கேட்கிறது என்பதையெல்லாம் கேள்வியும் பதிலுமாகச் சொன்னது. 30,000 பிரதிகள் ஜில்லா ஜில்லாவாகப் போயின. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கும் காலம் அது.

பணமும் அப்படித்தான் சேர்ந்தது. ஒரு அணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்களே 8,000 பேர். அந்தச் சில்லறை மட்டும் ரூ.5,500. மாண்டலே, ரங்கூன், சிங்கப்பூரிலிருந்தும் காசு வந்தது. ஒரு கோரிக்கைக்கு ஆதரவு திரட்டுவது என்றால் இதுதான். ஜமீன்தாரின் ஆயிரம் ரூபாயைவிட இந்த ஒரு அணாக்களைக் கண்டுதான் அரசு அஞ்சியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆயிரம் விளக்கு, மக்கீஸ் தோட்டம். 1887 டிசம்பர் 27. பெரிய பந்தல். 607 பிரதிநிதிகள். வங்காளத்துக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். கூடூர் வழியாக ஆரம்பாக்கத்தைத் தொட்டுவரும் ரயில் பாதை அப்போது இல்லை. வரவேற்புக் குழுவின் தலைவர் ராஜா சர் டி. மாதவ ராவ். மாநாட்டுத் தலைவர் பம்பாயின் பத்ருதீன் தியாப்ஜி, காங்கிரசின் முதல் முஸ்லிம் தலைவர். தஞ்சாவூர்க் கைவினைஞர்களின் பிரதிநிதியாக வந்த மூக்கன் ஆசாரி தமிழிலேயே பேசினார். கோட்டும் தலைப்பாகையும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் ஒரு தொழிலாளியின் தமிழ் ஒலித்தது என்பதைப் பள்ளிக்கூடப் பாடத்தில் சேர்த்தால் தகும்.

ஆயுதச் சட்டத்தைத் தொட வேண்டுமா, வேண்டாமா? மூத்தவர்களுக்குத் தயக்கம். சட்டசபையில் இடம் கேட்கலாம், வரியைக் குறைக்கச் சொல்லலாம், ஆயுதம் கேட்டால் ராஜத்துரோகம் என்று முத்திரை குத்திவிடுவார்களே! 1857 முடிந்து முப்பது ஆண்டுதான் ஆகியிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எந்தத் தீர்மானம் பந்தலுக்கு வரும் என்பதை அதுவரை சில தலைவர்கள் கூடி முடிவு செய்தார்கள். சென்னையில் இளைஞர்கள் அதை ஏற்கவில்லை. எங்களையும் சேர்த்து ஒரு குழு அமையுங்கள் என்று கேட்டார்கள். விஷயாலோசனைக் குழு பிறந்தது இந்த மாநாட்டில்தான். பூட்டியிருந்த கதவு கொஞ்சம் திறந்தது. அதன் வழியே ஆயுதச் சட்டம் உள்ளே வந்தது.

சட்டத்தை எதிர்த்து எழுந்தவர்களில் ஒருவருக்கு வயது 29. வங்காளத்திலிருந்து வந்தவர். பெயர் விபின் சந்திர பால். இருபது ஆண்டு கழித்து, 1907-ல் மெரினா கடற்கரையில் பேசி மாணவர்களைக் கிறங்க வைக்கப்போகும் அதே பால். சென்னை அவர் குரலை முதலில் உரக்கக் கேட்டது இந்த விவகாரத்தில்தான். இனத்தைப் பார்த்து விலக்குத் தரும் சட்டம் ஒரு தேசத்தையே சந்தேகிக்கிறது என்பது அவர் தரப்பு. இரண்டு ஆண்டு முன்பு ரஷ்யப் படை வருகிறது என்று பீதி கிளம்பியபோது, நாங்களும் தொண்டர் படையில் சேர்ந்து நாட்டைக் காக்கிறோம் என்று இந்தியர்கள் மனுப் போட்டதும், அரசு அதை ஏற்காததும் எல்லோர் மனத்திலும் ஆறாத புண்ணாக இருந்தன.

கடைசியில் வந்த தீர்மானத்தின் வாசகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். சட்டத்தை ஒழி என்று அது கேட்கவில்லை. எல்லோருக்கும் கணக்கில்லாமல் துப்பாக்கி கொடு என்றும் கேட்கவில்லை. நான்காம் அத்தியாயத்தைத் திருத்து என்றது. யாரும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், இன்னாருக்குக் கூடாது என்று அரசு நினைத்தால் தடுக்கட்டும். ஆனால் தடுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிட வேண்டும்.

அதுவரை குடியானவர்தான் தன்னை நல்லவன் என்று காட்ட வேண்டியிருந்தது. தீர்மானம் அந்தச் சுமையைக் கச்சேரியின் தலையில் மாற்றி வைத்தது. நீ ஏன் மறுக்கிறாய், எழுதிக் கொடு! 1887-ல் ஒரு வெள்ளைக்கார கலெக்டரைப் பார்த்து இதைக் கேட்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்!

தீர்மானம் நிறைவேறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நம் காலத்துக்கு வந்து போவோம். கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. 1878 சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்து, 1959-ன் புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் போயிற்று. அந்தப் புதிய சட்டத்தின் 14-வது பிரிவைப் படியுங்கள். உரிமம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. பொதுநலனுக்குக் கேடில்லை என்றால், கேட்டவருக்கு அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்கிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்கிறது. மக்கீஸ் தோட்டத்துக் கோரிக்கையின் சாரம் இந்தப் பிரிவில் இருப்பதாகவே நான் படிக்கிறேன்.

உரிமம் கேட்பவரைப் பற்றிய விசாரணை மட்டும் தளரவில்லை. 1983-ல் வந்த திருத்தம், அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரியின் அறிக்கையைக் கேட்டே தீர வேண்டும் என்றது. குறித்த காலத்தில் அறிக்கை வராவிட்டால், தகுந்தது என்று பட்டால், அதற்காகக் காத்திராமல் முடிவெடுக்கவும் வழிவிட்டது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதை நம் பக்கத்தில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மாநிலச் சட்டமன்றங்களே துப்பாக்கி மசோதா கொண்டுவருகின்றன, பின்னணி விசாரணையைத் தளர்த்தச் சொல்லிக் கூட்டம் சேர்க்கிறார்கள். தனித் தேவையைக் காட்டினால்தான் வெளியில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்ற நியூயார்க்கின் பழைய விதியை 2022-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளியது. நம் அரசியல் சாசனத்தில் ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் அப்படியொரு மசோதாவை எடுக்கவே முடியாது.

1887 தீர்மானத்தைக் காட்டி, விசாரணையே வேண்டாம் என்று அன்றைக்கே கேட்டார்களே என்று சிலர் வாதிடுவது உண்டு. அது தவறு. எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்திப் பார்க்கும் எல்லை ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன்: துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்று விசாரிக்கத்தான் வேண்டும். அன்றைக்கு நம் முன்னோர் எதிர்த்தது, தோலின் நிறத்தைப் பார்த்துப் போட்ட பூட்டையும் காரணம் சொல்லாத மறுப்பையும். இரண்டும் அநியாயம். அவற்றை எதிர்த்தது நியாயம்.

திரும்பப் பந்தலுக்கே போவோம். மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குக் கவர்னர் கன்னிமாரா பிரபு தம் மாளிகைத் தோட்டத்தில் விருந்து கொடுத்தார். அரசாங்கத்துக்கு நம்மேல் கோபமில்லை, ஆயுதச் சட்டத் தீர்மானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள் என்று பலர் மகிழ்ந்து ஊர் திரும்பினார்கள்.

அந்த மகிழ்ச்சி பன்னிரண்டு மாதம் தாங்கவில்லை. அடுத்த மாநாடு அலகாபாத்தில் என்று அறிவிப்பு வந்ததும் வடமேற்கு மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஆக்லண்ட் கால்வின் எதிரணியில் நின்றார். பந்தல் போடப் பொது இடம் கிடைக்கவில்லை. ஊருக்குள் ஒரு காலி மைதானம்கூட இல்லாமல் காங்கிரஸ் தவித்துக்கொண்டிருந்தபோது, அலகாபாத்தில் லோதர் காசில் என்ற பெரிய மாளிகை ஒன்று விலைக்கு வந்தது. அதைச் சத்தமில்லாமல் வாங்கியவர் ஒரு மகாராஜா.

அவர் யார், அந்த மாளிகை வளாகத்தில் ஆயுதச் சட்டம் மறுபடி எழுந்தபோது என்ன நடந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)