ஒலிப்பேழையும் தோட்டத்துக் குரலும்

தோட்டப்புறத் தமிழரின் இலக்கியத்தில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாதது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, திருவிழாக் காலத்துக் கூத்துப் பாடல் ஆகியவை வாய்வழியே பிறந்து வாய்வழியே வாழ்ந்தவை. பாடியவர் மறைந்தால் பாட்டும் மறையும் என்பதே அவற்றின் விதியாக இருந்தது. அவ்விதியைச் சிறிது காலமேனும் தடுத்து நிறுத்திய கருவி ஒலிப்பேழை எனலாம். வானொலி நிலையத்தின் துணையின்றி, தம் குரலைத் தாமே பதிந்து வைக்கும் வாய்ப்பை எளிய மக்களுக்கு அளித்தது அதுவே.

லூ ஓட்டன்ஸ் என்னும் டச்சுப் பொறியாளரின் தலைமையில், பெல்ஜிய நாட்டின் ஹாசெல்ட் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிப்பேழையை உருவாக்கினர். 1963ஆம் ஆண்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது உலகின் பார்வைக்கு வந்தது. பேச்சைக் குறித்து வைப்பதற்கே அது முதலில் கருதப்பட்டது. மின்கலத்தால் இயங்கியமையால், மாலையில் சில மணி நேரமே மின்னொளி கண்ட லயங்களிலும் அது பிற்காலத்தில் இடம்பெற முடிந்தது.

ஆயினும் அதன் எளிமையே அதன் குறையுமாயிற்று. ஒலிப்பதிவுக் கூடங்களில் வழங்கிய நாடா 6.25 மில்லிமீட்டர் அகலமுடையது. நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. ஒலிப்பேழை நாடாவின் அகலமோ 3.81 மில்லிமீட்டர், வேகம் 4.76 சென்டிமீட்டர். இதனால் மூன்று இடர்கள் தோன்றின. நாடாவின் இரைச்சல் மிகுந்தது. ஓட்டம் சற்றே தடுமாறினாலும் சுருதி அசைந்தது. நுண்ணிய ஒலிகள் மங்கின. இம்மூன்றையும் வென்ற வரலாறே உயர்தர ஒலிப்பேழைக் கருவியின் வரலாறாகும்.

இரைச்சலைக் குறைக்க ரே டோல்பி வகுத்த 'பி' முறை 1970களின் தொடக்கத்தில் இக்கருவிகளில் இடம்பெற்றது. பதியும்போது மெல்லிய உயர் ஒலிகளை உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவது அம்முறை. தாழ்த்தும்போது நாடாவின் இரைச்சலும் உடன் தாழ்கிறது. குரோமியம் டை ஆக்சைடு பூசிய நாடாவும் அக்காலத்தே பரவி உயர் ஒலிகளுக்குத் துணைநின்றது.

ஜப்பானின் நக்காமிச்சி நிறுவனம் 1973இல் வெளியிட்ட '1000' என்னும் கருவி மற்றொரு படியைக் கடந்தது. சாதாரணக் கருவிகளில் ஒரே காந்தத் தலை பதியும் வேலையையும் படிக்கும் வேலையையும் செய்யும். பதிவதற்கு இடைவெளி சற்று அகலமாக இருத்தல் நன்று. படிப்பதற்கோ மிகக் குறுகியதாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறா. எனவே, அழிப்பதற்கும் பதிவதற்கும் படிப்பதற்கும் மூன்று தனித் தலைகளை அந்நிறுவனத்தார் அமைத்தனர். நாடாவை இரு புறமும் இரண்டு சுழல் தண்டுகள் பற்றி இழுத்ததால் ஓட்டமும் சீர்ப்பட்டது.

அடுத்தது சாய்வு பற்றிய சிக்கல். படிக்கும் தலையின் இடைவெளி நாடாவுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் கொள்ளும் இடம் மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒற்றைத் தடப் பதிவின் அகலமோ ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். ஆகவே தலை 0.18 பாகை சாய்ந்தாலே அவ்வொலி அற்றுப்போகும். சாய்வு அரைப் பாகையானால், 3,600 ஹெர்ட்ஸ் அளவிலேயே ஒலி அறும். பேச்சின் மெய்யொலிகளைத் தெளிவாக்கும் பகுதி பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளது. அப்பகுதி கெட்டால் உயிரொலி நிற்கும், மெய்யொலி குழையும். பாட்டின் இராகம் கேட்கும், சொல் விளங்காது.

1982இல் வெளிவந்த நக்காமிச்சியின் 'டிராகன்' இச்சாய்வைத் தானே திருத்திக்கொண்டது. படிக்கும் தலை வலப்புறத் தடத்தை இரு கூறாகப் பிரித்துப் படிக்கும். இரண்டும் ஒரே கணத்தில் வராவிடில், சிறு மோட்டார் ஒன்று தலையைத் திருப்பிச் சரிசெய்யும்.

இத்தகைய விலையுயர்ந்த கருவி பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டுக்கு வரக்கூடியதன்று. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தான் வட்டாரத்திலும் ஈப்போவைச் சூழ்ந்த ஊர்களிலும் எளியோர் கைக்கு எட்டியவை ஒரே தலையுடைய சாதாரணக் கருவிகளே. அவற்றில் பதிந்த குரல்களுக்கு உரிய மக்களோ ஓரிடத்தில் நிலைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து அவர்களைக் காக்க முயன்றார். பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை ஏறியது, லயங்கள் வெறிச்சோடின. குடும்பங்கள் நகர்ப்புறம் சென்றபோது பெட்டியின் அடியில் சில ஒலிப்பேழைகளும் உடன் சென்றன.

இன்று அவற்றை எடுத்துப் போட்டுக் கேட்போர், குரல் மங்கி ஒலிப்பதைக் கண்டு, "நாடா கெட்டுவிட்டது" என்று எறிந்துவிடுகின்றனர். மேலே கண்ட பொறியியல் வேறொன்றை உணர்த்துகிறது. பதிந்த கருவியின் தலை சாய்ந்திருந்தால், கேட்கும் கருவியின் தலையையும் அதே சாய்வுக்குக் கொணர வேண்டும். தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பினால், மூடியிருந்த சொற்கள் திறந்துகொள்ளும். டோல்பியின்றிப் பதிந்ததை டோல்பி வழியே கேட்டாலும் மங்கலே மிஞ்சும். உடைந்த பேழையின் நாடாவைத் திருகாணியிட்ட வேறொரு பேழைக்கு மாற்றலாம். பூஞ்சணம் கண்ட நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓட்டுதல் ஆகாது. சரியாக ஒலிக்கும் நிலையில் ஒருமுறை கணினிக்கு மாற்றி, இரு படிகளாக வெவ்வேறு இடங்களில் வைத்தல் நலம். அதன் பின்னும் மூல நாடாவை எறியலாகாது.

இப்பணிக்குக் காலம் குறைவு. கருவிகளின் இரப்பர்ப் பட்டைகளும் உருளைகளும் இறுகியும் இளகியும் வருகின்றன. பழுது நீக்கும் கைகளும் அருகுகின்றன. தமிழாசிரியர்கள் மாணவரிடம், "வீட்டில் பழைய ஒலிப்பேழை உண்டா? அதில் பாடியவர் யார்? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு?" என்று கேட்டு, விடையைப் பேழையின் மேலேயே எழுதச் செய்யலாம். பாடியவரை அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பேழையிலுள்ள பாட்டை எந்தக் கருவியும் பாடிக் காட்டும். பாடியவர் பெயரை அது சொல்லாது.