வெளிக்கள ஒலிப்பதிவும் கலவைப் பெட்டியும்



இங்கிலாந்து தேசத்தின் சறே மாவட்டத்தில், ஒக்ஸ்ரெட் என்னும் ஊருக்கு அண்மையில் ஒரு தோட்டம் உண்டு. வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அத்தோட்டத்தை எட்டிப் பாராமற் செல்லல் இயலாது. 1924 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆந் திகதி இரவு, பியற்றிஸ் ஹரிசன் என்னும் செலோ வாத்தியக் கலைஞர் அங்கே மரங்களின் நடுவே அமர்ந்து தமது வாத்தியத்தை இசைத்தார். அவ்விசை கேட்டு நைற்றிங்கேல் பறவைகள் பதிற்குரல் கொடுப்பதைப் பல நாள் கண்டிருந்த அவர், அதனை நாடு முழுவதும் கேட்க வேண்டும் என்று பி.பி.சி. தலைவர் ஜோன் றீத் அவர்களிடம் வாதாடி இணங்க வைத்திருந்தார். ஒலிவாங்கி தோட்டத்தில் வைக்கப்பட்டது. அங்கிருந்து இலண்டன் வரைக்கும் தொலைபேசிக் கம்பி. நெடுநேரம் பறவை வாய் திறக்கவில்லை. நிகழ்ச்சி முடியச் சொற்ப நேரமே இருக்கையில், இரவு பத்தே முக்கால் மணியளவில், குரல் எழுந்தது. அன்று பாடியது பறவையன்று, பறவைக்குரல் எழுப்ப வல்ல ஒரு மனிதரே என்னும் ஐயம் 2022 ஆம் ஆண்டிலே கிளம்பியதுண்டு. ஆயினும், அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அத்தோட்டத்துப் பறவைகள் வானொலியிற் பாடியமை ஐயத்துக்கு இடமற்றது.

இந்நிகழ்ச்சியை நான் எடுத்துக்கொண்டது பறவையின் பொருட்டன்று. செலோவின் குரல் பெரிது. பறவையின் குரல் சிறிது. இரண்டும் ஒருசேரக் கேட்க வேண்டுமாயின் ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்த வேண்டும். ஒரேயோர் ஒலிவாங்கி உள்ளவிடத்து அதற்கு வழி யாது? ஒலிவாங்கியைப் பறவையின் பக்கமாக நகர்த்த வேண்டும். அல்லது வாத்தியக்காரரைத் தள்ளி இருத்த வேண்டும். மின்சார ஒலிப்பதிவு வருமுன்னர், இசைத்தட்டுப் பதிவுக்கூடங்களிலே பாடகர்கள் பெரிய ஊதுகுழலின் முன் நின்று, உச்ச சுருதி வரும்போது ஓரடி பின்வாங்கிப் பாடினார்கள். ஆக, கலவைப் பெட்டி பிறக்குமுன் ஒலியைக் கலந்தவை மனிதருடைய கால்களே எனல் பொருந்தும்.

கலவைப் பெட்டி என்றேன். ஊரில் யாவரும் மிக்சர் என்றே வழங்கும் கருவி அது. பல ஒலிவாங்கிகளின் கம்பிகள் அதனுள்ளே புகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ் இருக்கும். குமிழைத் திருகி ஒன்றை ஏற்றலாம், ஒன்றை இறக்கலாம். எல்லாம் கலந்து ஒற்றைக் கம்பியாக வெளியேறும். இதைக் கலையகத்துள் அமைப்பது பெரிய காரியமன்று; மேசையும் மின்சாரமும் அங்கே உண்டு. வெளியே சுமந்து செல்வதே இடர். வெற்றிடக் குழாய்கள் பூட்டிய அக்காலக் கருவிகளுக்கு உயர் அழுத்த மின்சாரம் வேண்டும். அதற்கான பற்றறிகளோ கருங்கல்லுக்கு ஈடான பாரம். 1930களின் பிற்பகுதியில் பி.பி.சி. பொறியியலாளர் வெளிக்கள ஒலிபரப்புக்கென ஓ.பி.ஏ. 8 என்னும் பெருக்கியை அமைத்தனர். அதனோடு நான்கு ஒலிவாங்கிகளைக் கலக்கும் பெட்டியும் சென்றது. பெட்டிகளைத் தனித்தனியே கைபிடித்துத் தூக்கலாம் என்பதே அந்நாளிற் பெரிய முன்னேற்றம்.

அதே காலத்தில் ஒலியை அளக்கும் முள்ளும் ஒழுங்குக்கு வந்தது. இதனைச் சற்று விளக்க வேண்டும். பின்னே என் சொந்தக் கதைக்கும் இது வேண்டியிருக்கும். பி.பி.சி. 1938 இல் அமைத்த அளவி, ஒலியின் திடீர் உச்சங்களைப் பாய்ந்து பிடித்து, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் மெல்ல இறங்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடமும் என்.பி.சி., சி.பி.எஸ். ஆகிய இரு வானொலி நிறுவனங்களும் சேர்ந்து 1939 இல் நிலைநாட்டிய வி.யூ. அளவியோ, நிதான குணமுடையது. ஒரு சீரான ஒலி வந்தால் அதன் முள் உரிய இடத்தை அடைய ஒரு செக்கனின் பத்தில் மூன்று பங்கு செல்லும். பேச்சுக்கும் பாட்டுக்கும் அது நம் செவி உணரும் பருமனை ஏறத்தாழச் சரியாகவே காட்டும். கைதட்டல், மேளத்தின் அடி போன்ற கணநேர ஒலிகளோ அந்த முள் எழும்பு முன்னரே வந்து போய்விடும்.

இனி, களத்துக்குச் சென்றோர் சிலரைக் காண்போம். 1933 இல் ஜோன் லோமக்சும் அவர் மகன் அலன் லோமக்சும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல் தேடித் தென் மாநிலங்களுக்குப் புறப்பட்டபோது, அவர்களுடைய மோட்டார் வண்டியின் பின்புறத்தில் இருந்த தட்டுப் பதிவுக் கருவியின் நிறை 315 இறாத்தல். அப்பாரத்தைச் சுமந்து அவர்கள் சிறைச்சாலைகளுக்கும் சென்றனர். லூசியானாவின் அங்கோலாச் சிறையில் அவர்கள் பதிந்த கைதியே பின்னர் லெட் பெல்லி என உலகறிந்த பாடகர். 1944 இல், நோர்மண்டியிற் படை இறங்கிய காலத்தில், பி.பி.சி. செய்தியாளர் ஏறத்தாழ நாற்பது இறாத்தல் நிறையுள்ள சிறு தட்டுப் பதிவியைப் போர்முனைக்கே கொண்டு சென்றனர். பன்னிரண்டு இரட்டைப்பக்கத் தட்டுகள் அதற்குள் அடங்கும். எல்லாமாக ஒரு மணி நேரமளவு பதியலாம். கலப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஓர் ஒலிவாங்கி, அதன் எதிரே ஒரு மனிதர், அவருக்குப் பின்னே பீரங்கி.

போர்க்காலத்து நிகழ்ச்சிகளுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொன்று. 1942 ஆம் ஆண்டு, அதே மே மாதம் 19 ஆந் திகதி, அதே ஒக்ஸ்ரெட் தோட்டம். பியற்றிஸ் ஹரிசன் அவ்வீட்டைவிட்டுச் சென்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன, பி.பி.சி. மட்டும் நைற்றிங்கேலை நேரடியாக ஒலிபரப்ப அங்கே மீண்டும் வந்திருந்தது. பறவை பாடிக்கொண்டிருக்கையில் தொலைவில் ஓர் இரைச்சல் எழுந்து வளர்ந்தது. ஜேர்மனியின் மன்ஹைம் நகரைத் தாக்கப் புறப்பட்ட 197 குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தன. அவ்வோசை வான் வழியே போனால் எதிரிக்கு அது முன்னறிவித்தல் ஆகிவிடும். களத்தில் இருந்த பொறியியலாளர் அதை உணர்ந்து ஒலிபரப்பை நிறுத்தினார். ஆனால் பதிவுக்கூடத்துக்குச் சென்ற கம்பி உயிரோடிருந்தது; தட்டு சுழன்றபடியே இருந்தது. பறவையின் பாட்டும் விமானங்களின் முழக்கமும் ஒருங்கே அதிற் பதிந்தன. விமானங்கள் திரும்பியபோதும் பதிவு நடந்தது. பதினொரு விமானங்கள் திரும்பவில்லை.

அந்தப் பொறியியலாளரின் முன் சில விநாடிகளே இருந்தன. எது இப்பொழுது கேட்கப்படலாம், எது கேட்கப்படலாகாது என்பதை மேலதிகாரியிடம் வினாவி அறிய நேரமில்லை. அவரது கை தீர்மானித்தது. வரலாற்று மாணவனாகிய எனக்கு இது பெருஞ் செய்தி. ஓலையும் கல்வெட்டும் எழுதினோர் தாம் எழுதுவதைத் தேர்ந்தெடுத்தே எழுதினர் என்று மாணவருக்கு நாம் கற்பிக்கிறோம். ஒலிப்பதிவு மட்டும் நடந்தது நடந்தபடியே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். கலவைப் பெட்டியின் குமிழைப் பிடித்திருப்பவரும் தேர்ந்தெடுக்கிறார். பழைய கருவிகளில் அத்தேர்வை மீட்க வழியில்லை. நாலு ஒலிகள் ஒன்றாய்க் கலந்து நாடாவில் ஏறியபின், பாலிற் கலந்த நீரை எவர் பிரிப்பார்? அன்னப் பறவை செய்யுமென்பது புலவர் வாக்கு. ஒலிப்பதிவாளரிடம் அன்னம் இல்லை.

பாரம் குறைந்த கதையைச் சுருங்கச் சொல்வேன். 1947 இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. போலந்திற் பிறந்து சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்ரெபான் குடெல்ஸ்கி 1951 இல் நாக்ரா என்னும் கைந்நாடாப் பதிவியைச் செய்தார். போலந்து மொழியில் அப்பெயருக்குப் ‘பதியும்’ என்று பொருள். முதற் கருவிக்குக் கடிகாரத்தைப் போலச் சாவி கொடுக்க வேண்டும். 1950களின் இறுதியில் வந்த மூன்றாம் நாக்ரா, திரான்சிஸ்டர்களால் ஆனது. டோர்ச் விளக்குக்கு இடும் பற்றறிகள் பன்னிரண்டில் இயங்கியது. உலகின் வானொலி நிலையங்களும் திரைப்படக் குழுக்களும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டன. எனினும் அதில் நேரே பூட்டக்கூடிய ஒலிவாங்கி ஒன்றே. ஆதலால் பக்கத்தில் ஒரு கலவைப் பெட்டி வேண்டியதாயிற்று. 1960களில் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் எம் 67 என்னும் நான்கு வாயிற் பெட்டியைச் செய்தது. பற்றறியிலும் இயங்கும், முகப்பிலே வி.யூ. அளவி. ஒலிவாங்கிக்கு அதன் கம்பி வழியே 48 வோல்ற் மின்சாரம் ஊட்டும் இன்றைய வழக்கம் 1966 இல் நோர்வே வானொலிக்காக நொய்மன் நிறுவனம் செய்தது. நோர்வேக்காரரின் கலையகங்களில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ற் ஏற்கனவே இருந்தது, அவ்வளவே காரணம்! இன்று உலகெங்கும் அந்த எண் நின்று நிலவுகிறது.

அவ்வாறான பெட்டியைக் களத்தில் அமைக்கும் முறை எளிது. முதலிற் பெட்டியே எழுப்பும் சீரான ஓசையை விட்டு, அதன் முள் பூச்சியத்தில் நிற்கையிற் பதிவியின் முள்ளும் உரிய இடத்தில் நிற்குமாறு இரண்டையும் இசைவிக்க வேண்டும். பின்பு ஒவ்வோர் ஒலிவாங்கியாகத் திறந்து, பேசுவோரை அவர் மெய்யாகவே பேசப்போகும் உரத்தில் பேசவைத்துக் குமிழை நிறுத்த வேண்டும். காற்று இரைந்தால் தாழ்சுருதியை வெட்டும் ஆளியைப் போட வேண்டும். பயன்படாத ஒலிவாங்கியை மூட வேண்டும். திறந்து கிடக்கும் ஒவ்வொன்றும் வேண்டாத ஓசையை உள்ளே விடும் பலகணி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தலாகாது.

இவற்றையெல்லாம் நான் கற்றது, செய்ய வேண்டிய நாளுக்குப் பிறகே. 1990களில், இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், எங்கள் பாடசாலை முற்றத்தில் ஒரு முதிய அண்ணாவியாரின் வடமோடிக் கூத்தைப் பதிய முனைந்தேன். நண்பர் ஒருவர் நான்கு வாயிற் பெட்டியும் ஒலிவாங்கிகளும் இரவல் தந்தார். மத்தளத்தின் அருகே ஒன்று. களரியைச் சுற்றி மூன்று. நாலையும் திறந்து வைத்தேன். கூத்தோ ஓரிடத்தில் நிற்பதன்று. அண்ணாவியார் ஒரு முனையிற் பாடும்போது மறுமுனை ஒலிவாங்கிகள் இரண்டும் மத்தளத்தையே வாங்கிக்கொண்டிருந்தன. முள் பூச்சியத்துக்குக் கீழேதான் ஆடியது. ஆதலால் எல்லாம் செம்மை என்று எண்ணியிருந்தேன். அது வி.யூ. முள் என்பதும், மத்தளத்தின் ஒவ்வோர் அடியும் அதற்குத் தெரியாமலே நாடாவைச் சிதைத்துச் சென்றது என்பதும் அப்போது நான் அறியேன். காது கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். ஹெட்போனை நான் மாணவர்களிடம் கொடுத்துவிட்டேன். முறைவைத்து மாட்டிப் பார்த்து மகிழ்ந்தார்கள். என்ன கேட்கிறது என்று அவர்களை நானும் வினாவவில்லை.

மறுநாள் நாடாவைப் போட்டுக் கேட்டபோது விளங்கிற்று. மீண்டும் ஒருமுறை பாடித் தாருங்கள் ஐயா என்று கேட்க வெட்கப்பட்டு, அடுத்த வருடம் ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த வருடம் அவர் இல்லை. அவர் அறிந்திருந்த தருக்களிற் சில ஊரில் வேறெவருக்கும் முழுமையாகத் தெரியா.

இன்றைய கருவிகள் என் போன்றோரைக் காப்பாற்ற வல்லவை. ஒவ்வோர் ஒலிவாங்கியையும் தனித்தனித் தடத்திற் பதிந்து, கலவையைப் பின்னர் ஆறுதலாகச் செய்யலாம். 2019 அளவில் வந்த 32 பிற்று மிதவைப் பதிவிகளிலே குமிழைத் தவறாக வைத்தாலும் பின்னர் பெரும்பாலும் திருத்தலாம். மத்தளமும் குரலும் வேறுவேறு தடத்தில் இருந்திருந்தால் என் பிழையிற் பாதி அழிந்திருக்கும். மற்றைப் பாதி அழியாது. பாடுபவருக்கு எட்ட நின்ற ஒலிவாங்கியை எந்த யந்திரமும் பின்னாளில் அவர் வாயருகே கொண்டுபோய் வைக்காது. அதற்கு அன்றைக்கே, அவ்விடத்திலேயே, ஒருவர் எழுந்து நடந்திருக்க வேண்டும். ஒக்ஸ்ரெட் தோட்டத்திற் போலக் கால்களின் வேலை இன்னமும் உண்டு.

அந்த நாடா இன்றும் எங்கள் பாடசாலை அலுமாரியில் இருக்கிறது. சென்ற ஆண்டு மாணவர் சிலர் அதைக் கணினியில் ஏற்றி, மத்தளத்தை ஒதுக்கிக் குரலை மீட்க முயன்றனர். அதிகம் கிடைக்கவில்லை. ஆயினும் ஓரிடத்தில் மத்தளக்காரர், வார் தளர்ந்ததாலோ யாதாலோ, கையை எடுத்திருக்கிறார். அந்த இடைவெளியில் மூன்று வரிகள், சல்லரி ஒலி மட்டும் துணையாக, அண்ணாவியாரின் குரலிலே தெளிவாகக் கேட்கின்றன. மாணவர்கள் அவற்றை எழுதி எடுத்துப் பாடமாக்கிவிட்டார்கள்.