குளிர்பதனக் கன்ட்ரோலர்களில் சிக்னல் இழப்பு

குளிர் அறைகளிலும் அங்காடிகளின் ஃப்ரீசர்களிலும் உள்ள மின்னணுக் கன்ட்ரோலருக்கு வெப்பநிலை, அழுத்த அளவுகள் வந்து சேராமல் போவதும், அது வால்வு, விசிறி, கம்ப்ரசருக்கு இடும் கட்டளை பாதியில் நின்றுபோவதும் சிக்னல் இழப்பு எனப்படும். அலாரம் அடித்ததுமே கன்ட்ரோலரைக் கழற்றி மாற்றும் வழக்கம் பரவலாக உண்டு. அது வீண்செலவு. குறை பெரும்பாலும் ஒயரிலும் இணைப்பிலும்தான் இருக்கும். எந்த சிக்னலையும் அது புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அளந்து பார்த்த பிறகே எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டும்.

முதலில் சென்சார். வெப்பநிலை சென்சார் பழுதானால், பல கன்ட்ரோலர்கள் கம்ப்ரசரை நிமிடக் கணக்கில் ஓட்டி நிறுத்தும் மாற்று முறைக்குத் தாவிவிடும். டிக்செல் எக்ஸ்ஆர் வரிசையில் அப்போது திரையில் 'பி1' என்று தெரியும். குளிர் ஓரளவு இருப்பதால் கடைக்காரர் கவனிக்கமாட்டார். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு மெல்ல இளகும். சென்சாரைக் கன்ட்ரோலரிலிருந்து விடுவித்து, நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து மின்தடையை அளக்கலாம். 0 டிகிரியில் பிடி1000 வகை 1000 ஓம் காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.85 ஓம் என்பதால், துருப்பிடித்த இணைப்பு 4 ஓம் கூட்டினாலே அளவு ஒரு டிகிரி உயர்ந்துவிடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் கொண்ட என்டிசி வகைக்கு இந்தச் சில ஓம்கள் பொருட்டல்ல. அதன் எதிரி ஈரம். ஃப்ரீசருக்குள் போட்ட இணைப்பில் டிஃப்ராஸ்ட் நேரத்து நீர் கசிந்து, செம்பு பச்சை பூத்திருக்கும். ஈரத்தின் வழியே மின்கசிவு ஏற்பட்டு மின்தடை குறையும்; கன்ட்ரோலர் அதை வெப்பம் என்று எண்ணிக் கம்ப்ரசரை மேலும் ஓட்டும். இங்கே சிக்னல் அறுபடவில்லை, பொய் சொல்கிறது. அலாரமே வராத இந்த நிலைதான் அதிகச் சேதம் விளைவிக்கும்.

அழுத்த சென்சார்களில் பரவலான 4–20 மில்லி ஆம்பியர் முறை சுழியிலிருந்து தொடங்காததற்குத் தக்க காரணம் உண்டு. ஒயர் அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். மிகக் குறைந்த அழுத்தமோ 4 மில்லி ஆம்பியர் தரும். இரண்டும் குழம்ப வழியில்லை. நாமூர் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் பழுது நிலை. விசிறி வேகத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் பயன்படும் 0–10 வோல்ட் முறையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒயர் அறுந்தால் "நின்றுவிடு" என்ற கட்டளையாகவே இன்வெர்ட்டர் அதை எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலர் முனையில் 7 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் சுழி என்றால் குறை இடைப்பட்ட ஒயரில். இரு முனையிலும் 7 வோல்ட் இருந்தும் மோட்டார் சுழலவில்லை என்றால் இன்வெர்ட்டரையும் அதன் அமைப்புகளையும் பார்க்க வேண்டும். டெர்மினல் திருகு செம்பை விட்டு மேலுறையைக் கடித்திருப்பதும் உண்டு; ஒயரை லேசாக இழுத்தால் தெரிந்துவிடும்.

ஸ்டெப்பர் மோட்டார் கொண்ட மின்னணு விரிவாக்க வால்வு மின்சாரம் போனால் கடைசியாக நின்ற நிலையிலேயே நிற்கும். திறந்தபடி நின்றால் திரவக் குளிர்பதனி கம்ப்ரசர் வரை போய் அதைக் கெடுக்கலாம். அதனால்தான் வால்வை மூடுவதற்கான மாற்று மின்கலமோ திரவக் குழாயில் சொலினாய்டு வால்வோ வைக்கிறார்கள்.

கன்ட்ரோலர்களை இணைக்கும் ஆர்எஸ்-485 தடத்தின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி இரு ஒயர்களுக்கிடையே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை மின்தடை இல்லை, அல்லது தடம் நடுவில் அறுந்திருக்கிறது.

டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இயங்கும்போது மட்டும் சிக்னல் போனால், சென்சார் ஒயர் ஹீட்டரின் மின்சார ஒயரோடு ஒட்டி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை உறுதிசெய்ய டிஃப்ராஸ்ட் நடக்கும்போதே சிக்னலைக் கவனிக்க வேண்டும். புது சென்சார் போட்ட பின்னும் அலாரம் அடங்காவிட்டால், கன்ட்ரோலரில் சென்சார் வகை என்டிசி என்றா பிடி1000 என்றா பதிவாகியிருக்கிறது என்று சரிபார்க்க வேண்டும்.