நினைவிலிருந்து வரைபடத்திற்கு: திண்டுக்கல் பூட்டும் சிலிண்டர்ப் பூட்டும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

திண்டுக்கல் பூட்டுத் தொழிலின் தளர்ச்சிக்கு விலைப் போட்டியே காரணம் எனப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. பூட்டின் பாதுகாப்பைப் பற்றிய அறிவு எவ்விடத்தில் சேமிக்கப்பட்டது என்னும் வினாவின் வழி இக்கட்டுரை அத்தளர்ச்சியை அணுகுகிறது. கைவினைஞரின் நினைவில் தங்கிய அறிவும் வரைபடத்தில் பதிவான அறிவும் வெவ்வேறு வரலாறுகளை உருவாக்கின என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திண்டுக்கல் பூட்டு, லீவர், சிலிண்டர், கைவினை அறிவு, புவிசார் குறியீடு

முன்னுரை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் அமைந்த ஆமத்தூர் வட்டாரத்தில் பூட்டு என்பது வீட்டுப் பொருள் மட்டுமன்று. பட்டாசுத் தொழில் நிகழும் இப்பகுதியில் அது சட்டக் கடமையும் ஆகும். சரக்கை ஏற்றி இறக்குதல் போன்ற தேவைகளுக்காகத் திறக்கும் நேரம் தவிர, வெடிபொருள் கிடங்கு பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதிகள் 2008 வகுத்த நெறி. கிடங்கின் கதவில் தொங்கும் பூட்டை எதன் அடிப்படையில் நம்புகிறோம்? இவ்வினாவுக்கு விடை காண, தமிழகத்தின் பூட்டு நகரான திண்டுக்கல்லின் வரலாற்றை நோக்க வேண்டியுள்ளது.

காவலும் பூட்டும்

கதவை அடைக்கும் 'தாழ்' என்னும் சொல் திருக்குறளிலேயே ஆளப்பட்டுள்ளது. இன்று நாம் வழங்கும் 'சாவி' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. எனினும், தென்மாவட்டங்களில் பொருளைக் காத்தது பெரும்பாலும் இரும்பன்று, மனிதரே காத்தனர். ஊர்க்காவல் முறை ஒருபுறம் நிலவியது. மறுபுறம், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகர்கள் மகமை நிதியால் பேட்டைகளை அமைத்தனர். சரக்கு வண்டிகள் இரவில் தங்கும் மதில் சூழ்ந்த வளாகங்களே அவை. 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் இத்தகைய பாதுகாப்பின் தேவையையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்தியது. காவல் என்பது அறிந்த மனிதர் மீது வைக்கும் நம்பிக்கை. திண்டுக்கல் பூட்டு இந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகவே உருவாகியது எனலாம்.

திண்டுக்கல் பூட்டின் இயல்பு

சங்கரலிங்காசாரி சகோதரர்கள் திண்டுக்கல்லில் இத்தொழிலைத் தொடங்கினர் என்னும் செய்தி வழங்குகிறது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது ஒலியெழுப்பும் மணிப் பூட்டும் இவ்வூரின் அடையாளங்கள். கோயில்களும் அரசுக் கிடங்குகளும் சிறைகளும் இப்பூட்டுகளைப் பயன்படுத்தி வந்துள்ளன.

இவை லீவர் வகையைச் சார்ந்தவை. பூட்டினுள் அடுக்கப்பட்ட தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி அதற்குரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ்க்கட்டை நகரும். குறைவாகத் தூக்கினாலும் மிகையாகத் தூக்கினாலும் அது நகராது. அத்தகடுகளைக் கைவினைஞர் அரத்தால் தாமே அராவிப் பொருத்தினார். ஆகவே ஒரு பூட்டின் அளவு இன்னொன்றில் அப்படியே அமைவதில்லை. இந்த வேறுபாடே பூட்டின் வலிமை. ஆனால் அவ்வளவு ஏட்டில் ஏறவில்லை. கையிலும் கண்ணிலும் தங்கியது.

1851: வெளிப்பட்ட இரகசியம்

மேலைநாட்டிலும் பூட்டின் பாதுகாப்பு நெடுங்காலம் இரகசியத்தையே சார்ந்திருந்தது. 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கரான ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் இந்நிலையை மாற்றினார். 1818 முதல் புகழ்பெற்றிருந்த சப் நிறுவனப் பூட்டை அவர் சாவியின்றித் திறந்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என அறிவித்துக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும், பல நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். குறைகளைப் பொதுவில் பேசுவது திருடர்க்குத் துணையாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. திருடர் முன்பே அறிந்ததை உரிமையாளரும் அறிவதே நலம் என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். இவ்விவாதத்திற்குப் பின் பூட்டின் குறை, மறைக்க வேண்டிய செய்தியாக அல்லாமல் தீர்க்க வேண்டிய சிக்கலாகக் கருதப்படலாயிற்று.

1860களில் லைனஸ் யேல் (இளையவர்) செம்மைப்படுத்திய சிலிண்டர்ப் பூட்டு இச்சூழலுக்கு உரியது. வில்விசையால் அழுத்தப்பட்ட சிறு உலோக ஊசிகள் இரண்டு துண்டுகளாக அமைந்திருக்கும். சரியான சாவி நுழைந்தால் அவற்றின் பிரிவுகள் ஒரே கோட்டில் நிற்கும், உருளை சுழலும். இவ்வமைப்பு காப்புரிமை ஆவணத்தில் வரைபடமாகப் பதிவானது. எனவே அதன் வலிமையோடு குறையும் யாவர்க்கும் வெளிப்படையாயிற்று.

எதிர்ப்பாற்றலின் வளர்ச்சி

அடுத்து நிகழ்ந்த முன்னேற்றங்கள் யாவும் ஒரு தாக்குதலுக்கு ஒரு மறுமொழி என்ற முறையில் அமைந்தன. கம்பியால் நெம்பித் திறப்பதற்கு எதிராக இடை சிறுத்த ஊசிகள் வந்தன. துளையிடுவதற்கு எதிராகக் கடினப்படுத்திய எஃகு பதிக்கப்பட்டது. 1907இல் பின்லாந்தின் எமில் ஹென்ரிக்சன், வில்விசையே இல்லாத சுழல்வட்டுப் பூட்டை வகுத்தார். ஐரோப்பிய வகைச் சிலிண்டர், திருகாணி நுழையும் நடுப்பகுதியில் மெலிந்திருப்பதால் முறிக்கப்படலாயிற்று. அதற்கு விடையாக, வெளிப்புறத்தில் வேண்டுமென்றே ஒரு வெட்டுக்கோடு இடப்பட்டது. தாக்கும்போது வெளித்துண்டு மட்டும் உடையும். உள்ளமைப்பு கதவைக் காத்து நிற்கும். உடையும் இடத்தையே பாதுகாப்பாக மாற்றிய இவ்வடிவமைப்பு, குறைகளைப் பதிவு செய்ததன் விளைவாகும்.

திண்டுக்கல் கைவினைஞர்க்கு இத்தகைய திறன் இல்லை என்பது பொருந்தாது. திறக்கும்போது ஒலிக்கும் மணிப் பூட்டே தாக்குவோரின் மனத்தை முன்னுணர்ந்த படைப்பு. ஆயினும் ஒரு பட்டறையில் கண்ட தீர்வு அடுத்த பட்டறைக்குப் பொது அறிவாகச் செல்ல வழியில்லை. அலிகார் போன்ற மையங்களின் மலிவான பூட்டுகள் சந்தையை நிரப்பியபோது, தரத்தை எண்களால் நிறுவிக் காட்டும் ஆவணமும் இல்லை.

முடிவுரை

2019இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும்; அரம் பிடிக்கும் கையின் அறிவை அது காக்க இயலாது. அடுத்த தலைமுறை தொழிலை விட்டு நீங்கும்போது, எழுதப்படாத அளவுகளும் உடன் நீங்குகின்றன. எனவே பூட்டுகளைப் பிரித்து அளந்து வரைதல், கைவினைஞரின் செய்முறையையும் தொழிற்சொற்களையும் அவர்தம் இசைவோடு பதிவு செய்தல், பழம்பூட்டுகளைச் சோதனைக்கு உட்படுத்துதல் ஆகியவை தமிழ் ஆய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். காலந்தாழ்த்தினால் பூட்டுகள் அருங்காட்சியகத்தில் எஞ்சலாம். அவற்றை ஆக்கிய அறிவு எஞ்சாது.